தொடக்கூடாத காத்துக் கடியாரம்

கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினேன். ஆள்காட்டி விரல் நகத்தால், லேசாகத்தான். இரண்டில் நின்ற முள் ஒரு துள்ளு துள்ளி மூன்றில் போய் நின்றது.

"அல்லா! தொட்டுட்டீகளே அக்கா!"

மைமூன் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. அடுப்படியில் மீன் குழம்பு கொதித்துப் பொங்கி, அடுப்பில் வழிந்து சுர்ரென்றது. அதைப் பார்க்கக்கூட அவள் போகவில்லை.

"ஒண்ணும் ஆகலம்மா. உடையல, பாரு" என்றேன்.

"ஒடஞ்சா பரவால்லக்கா. நீங்க தொட்டது அவுகளுக்குத் தெரியக் கூடாது. வல்லாகி, அல்லா மேல ஆணையாச் சொல்லுறேன், சொல்லிப்புடாதீக."

பொருள் கெட்டுவிடும் என்ற பயத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் அழுத்தமானி, வெப்பமானி என்று மானிகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். இது அந்தப் பயம் இல்லை.

சென்ற வாரம், உரத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டு ஆர்.எஸ்.மங்கலத்துக்கே திரும்பியதை எழுதியிருந்தேன். 'சும்மா இருக்க முடிந்ததா?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். முடியவில்லை அம்மா. அதனால்தான் ஓர் ஐப்பசி மாதப் பிற்பகலில், அசர் தொழுகை வேளையில், தொண்டியில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

பறக்காத விமானம்

கணினியில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு இருக்கிறது. விளையாட்டு என்றால் அதில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும். சிமுலேட்டர் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும்.

அதற்காக எங்கள் குழு, இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒற்றை இருக்கைப் போர் விமானம் ஒன்றைக் கணினிக்குள் கட்டிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர், ஏழெட்டு நாடு. யாருக்கும் சம்பளம் கிடையாது. இறக்கை, உடல் எல்லாம் மாரெக் என்ற போலந்துக்காரர் பொறுப்பு. விமானி முன்னால் இருக்கும் பலகையும் அதில் உள்ள மானிகளும் என் பொறுப்பு. விமானத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், 'அந்த வகையில் அந்தத் திருகு இடப்பக்கம் அல்லவா இருக்கும்?' என்று எழுத ஆள் இருக்கிறது.

"ஓடாத ஏரோப்ளேனுக்கு ஓயாத வேலையால்ல இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர், கண்மாய்த் தண்ணீர் வந்துவிட்டதா என்று வயலுக்குக் கிளம்பும்போதெல்லாம்.

ஓயாத வேலைதான். பழைய கையேடுகளை எழுத்தெழுத்தாகப் படித்தேன். அருங்காட்சியகங்களுக்கு எழுதி நிழற்படம் வாங்கினேன். எண்கள் எந்தப் பச்சையில் ஒளிரும், கண்ணாடிச் சட்டத்தில் எத்தனை திருகாணி, எல்லாம் ஒரு வருடத்தில் தெரிந்துவிட்டது. தெரியாமல் போனது ஒன்றே ஒன்று. உயரமானியின் முள் எப்படி நகரும்?

மாரெக் அதை வெண்ணெய் உருகுவதுபோல வழுக்கி ஓட விட்டிருந்தார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே பல்சக்கரமும் ஊசிமுனைத் தண்டும் உள்ள எந்த முள்ளும் அப்படி ஓடாது. கொஞ்சம் ஒட்டும், தயங்கும், பிறகு எட்டு வைக்கும். சொன்னேன். "ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. அருங்காட்சியகத்தில் இருப்பவை எல்லாம் செத்துப்போனவை. எனக்கு உயிரோடு இருக்கிற ஒன்று வேண்டும்.

கிடைக்கும்வரை அந்த ஒரு முள்ளைக் கோப்பில் சேர்க்க மாட்டேன் என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். வீம்பு என்று சொன்னார்கள். வீம்புதான்.

பெண்ணை விட்டுச் சுவரைப் பார்த்தது

கிடைத்தது எங்கே தெரியுமா? எங்கள் ஊர் ஸ்டூடியோவில். ஆதார் திருத்தத்துக்கு நிழற்படம் எடுக்கப் போயிருந்தேன். தொண்டியில் நடந்த ஒரு நிக்காஹ் ஆல்பத்தை ஸ்டூடியோக்காரர் திரையில் சரிசெய்துகொண்டிருந்தார். மணப்பெண்ணைச் சுற்றிப் பத்துப் பெண்கள். அவர்கள் தலைக்குப் பின்னால், சுவரில், கறுப்பாக வட்டமாக ஒன்று.

"கொஞ்சம் பெருசாக்குங்க."

பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கினார்.

"அது இல்லண்ணே. செவுரு."

"எல்லாரும் பொண்ணப் பாக்குறாக. நீங்க செவுத்தப் பாக்குறீக" என்றார். இருந்தாலும் பெரிதாக்கினார். ஒன்பது வரை எண்கள், மூன்று முட்கள், அடியில் கையால் திருப்புகிற திருகு ஒன்று. உயரமானி! அடுத்த பஸ்ஸில் தொண்டிக்குப் போனேன். ஆதார் இன்றுவரை திருத்தப்படவில்லை.

அந்த வீட்டுக்காரி மைமூன். நாற்பதை ஒட்டிய வயது. கணவர் செய்யதுக்கு ஒரு நாட்டுப்படகு. செய்யதின் பாட்டனார் கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டிய காலத்தில், சண்டை முடிந்து குவித்து விற்ற பழைய சாமான்களிலிருந்து எடுத்து வந்தது அந்த உயரமானி. வீட்டில் அதன் பெயர் காத்துக் கடியாரம்.

பெயர் பொருத்தமானது. உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை, காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், முள் ஏறும். கடலில் புயல் சின்னம் உருவானாலும் அழுத்தம் குறையும். அப்போது சுவரில் தொங்குகிற இது, தான் முந்நூறு அடி உயரத்தில் பறப்பதாக நினைத்துக்கொள்ளும். பெரிய முள் காலையில் ஒன்றை ஒட்டி நிற்கும், அசருக்கு இரண்டுக்கு வரும், இரவில் இறங்கும். மூன்றைத் தொட்டால் அந்த வீட்டுப் படகு கடலுக்குப் போகாது. பாட்டனார் போட்ட சட்டம். கைபேசியில் வானிலை எச்சரிக்கை வருகிற இந்த நாளிலும் செய்யது இதைப் பார்க்காமல் வலையைத் தூக்குவதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. அதை யாரும் தொடக்கூடாது. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. பளிங்குபோல் துடைத்து வைத்த வீட்டில் அந்த ஒரு கண்ணாடி மட்டும் தூசி படிந்து கிடந்ததை, என்னடா இது என்று பார்த்ததோடு சரி.

தட்டுகிற கை

ஏன் தட்டினேன்? பழக்கம். எங்கள் கூடத்தில் எந்த மானியையும் தட்டாமல் படிக்கக் கூடாது. தட்டு, பிறகு படி, பிறகு எழுது. ஒட்டிக்கொண்டிருக்கிற முள் அப்போதுதான் உண்மையைச் சொல்லும். வருடக்கணக்கில் செய்தால் கை தானாகப் போய்விடும். ஒருமுறை தேவகோட்டைச் சாலையில் டயருக்குக் காற்றடிக்கிற கடையில் கடைக்காரரின் மானியைத் தட்டிவிட்டேன். "எங்க கடை மீட்டர் பொய் சொல்லுதுங்குறீகளா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். மருத்துவமனையில் இரத்த அழுத்தம் பார்க்கிற நர்சும் ஒருநாள் என்னை முறைத்திருக்கிறார்.

ஆக, மூன்றில் போய் நின்ற முள்ளைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோஷம். ஒட்டுகிறது! நான் சொன்னதுதான் சரி! பக்கத்தில் ஒருத்தி நடுங்கிக்கொண்டு நிற்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்த செய்யது, முள் மூன்றில் நிற்பதைப் பார்த்துப் படகை நிறுத்திவிட்டார். காற்று வந்ததா என்றால், பெரிதாக ஒன்றும் வரவில்லை. மற்றப் படகுகள் போய்க் கூடை கூடையாக நண்டு கொண்டுவந்தன. மறுநாள் மைமூன் கைபேசியில் கூப்பிட்டாள். "உங்க வெரலு ஒருநாள் மீன்பாட்டைத் தின்னுருச்சுக்கா. அவுகளுக்கும் தெரிஞ்சுபோச்சு. கண்ணாடியில தூசி அழிஞ்சிருந்துச்சுல்ல."

பின்னாலேயே செய்யதின் குரல். "அம்மா, நல்லபடியாச் சொல்லுறேன். இனிமே இங்கன வராதீக."

நான் மறுநாளே போனேன்.

மைமூன் சொன்னது

செய்யது மீன் இறங்குதளத்தில் இருந்தார். மைமூன் என்னைத் துரத்தவில்லை. தேநீர் கொடுத்தாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். புது மருமகள். வீட்டைத் துடைத்தவள் கடிகாரக் கண்ணாடியையும் துடைத்துவிட்டாள். தூசியாக இருந்தது, அவ்வளவுதான். அன்று மாலை முள் இரண்டில் நின்றது. செய்யதின் அண்ணன் காதர் அதைப் பார்த்துவிட்டுப் படகை எடுத்தார். விடிவதற்குள் காற்று சுழற்றி அடித்தது. கூடப் போன இரண்டு பேர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள். காதர் திரும்பவில்லை. அவர் மனைவி ஆயிஷா தனியானார்.

"நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதுனப்ப, கடியாரம் எப்புடிப் பொய் சொல்லுச்சுன்னு பேச்சு வந்துச்சு. யாரு தொட்டதுன்னு கேட்டாக. நான் மறைக்கலக்கா, நான்தான் தொடச்சேன்னேன். ஆயிஷா லாத்தா எந்திரிச்சு வந்து, எம் மாப்பிள்ளைய நீதாண்டி கொன்னுபுட்டன்னாக. வாசல்ல அம்புட்டுப் பேரு. யாரும் ஒண்ணும் சொல்லல."

"செய்யது?"

"அவுகளும்தான்."

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆயிஷா நம்புதாளைக்கு, தாய் வீட்டோடு போய்விட்டார். பெருநாளைக்குச் செய்யது மட்டும் போய்ப் பார்த்து வருவார். மைமூன் அந்த வாசலை மிதித்ததில்லை. கடிகாரம் மூன்று நாளில் தானாகவே சரியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. துணியால் துடைத்தால் உயரமானி கெடாது. அது குண்டு விழுகிற இடத்தில் பறப்பதற்காகச் செய்யப்பட்டது. துடைத்ததால் கெட்டது என்பது பச்சைப் பொய். அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் அன்று நான்தான். என் முள், என் மாடல், மாரெக் எல்லாம் அந்த நிமிடம் எங்கோ போய்விட்டது. இதைச் செய்யதுக்குப் புரியவைக்காமல் தொண்டியை விடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாள்

செய்யது வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் எழுந்திருக்கவில்லை.

"நான் இதைத் தொட மாட்டேன், தம்பி. பத்து நாள் மட்டும் பக்கத்துல என்னோட சின்ன காத்தழுத்த மானி ஒண்ணைத் தொங்க விடுங்க. மைமூன் ரெண்டையும் பாத்து எழுதட்டும். வேற ஒண்ணும் கேக்கல."

"எங்க பாட்டனாரு, கை வைக்காதேன்னு சொல்லிட்டுப் போனாரு."

"எதுல கை வைக்காதேன்னாரு?"

யோசித்தார். "திருகுலன்னுதான் அத்தா சொல்லுவாக."

பாட்டனார் விவரமானவர். திருகைத் திருப்பினால் கணக்கே மாறிவிடும். அதைத் தொடாதே என்றார். மகன் காலத்தில் அது பெட்டியைத் தொடாதே என்றாகி, பேரன் காலத்தில் கண்ணாடியில் மூச்சு படக்கூடாது என்றாகிவிட்டது. நான் இதைச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், "தொங்க விட்டுட்டுப் போங்க" என்றார், போய்த் தொலையுங்கள் என்ற தொனியில்.

மைமூன் விடியலில் பஜ்ர், அசர், மஃரிப் என்று மூன்று வேளையும் எழுதி, பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். ஒரு வேளைகூடத் தப்பவில்லை. ஐந்தாவது நாளே எனக்குப் புரிந்தது. இரண்டு வரைக்கும் முள் என் மானியோடு ஒத்துப்போகிறது. இரண்டைத் தாண்ட வேண்டிய நேரத்தில் அங்கேயே நின்றுவிடுகிறது. அழுத்தம் மேலும் குறைந்தாலும் முள் அசையவில்லை.

ஆனால் ஏழாம் நாள் அசர் வேளையில் இரண்டு, கால் மணி கழித்து மூன்றுக்குக் கிட்டத்தில் என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: 'ஐஸ் லாரி போச்சு.'

அந்த மூன்று சொல்லைப் படித்துவிட்டு நான் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். நடத்துநர், "மங்கலம் இன்னும் வரலம்மா" என்றார்.

லாரி தெருவை அதிர வைத்தது. சுவர் அதிர்ந்தது. முள் விடுபட்டது. போர் விமானத்தின் எஞ்சின் பலகையை ஓயாமல் குலுக்கிக்கொண்டே இருக்கும். குலுங்குகிற இடத்தில் முள் ஒட்டாது. மாரெக் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. எஞ்சின் ஓடும்போது முள் வழுக்கி ஓடும், எஞ்சின் நின்று விமானம் சும்மா மிதந்து இறங்கும்போது ஒட்டும். எந்தக் கையேட்டிலும் இல்லாததை மைமூன் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவிட்டாள். மாடலை அப்படியே மாற்றினோம். கண்ணாடி மேல் மவுஸால் ஒரு சொடுக்கு வைத்தால் ஒட்டிய முள் விடுபடும். வெளியிட்ட வாரமே, முள் கோளாறு என்று புகார் குவிந்தது. எல்லோருக்கும் ஒரே பதில் போட்டேன், தட்டிப் பாருங்கள் என்று. மைமூன் பெயர் நன்றிப் பட்டியலில் முதலில் இருக்கிறது.

செய்யது எழுந்தது

பத்தாம் நாள் நோட்டைச் செய்யதிடம் கொடுத்தேன். நிதானமாகப் புரட்டினார். நான் எஞ்சின், அதிர்வு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"படகுல எஞ்சின் ஓடுறப்ப ஆயில் மீட்டரு முள்ளு ஒருநாளும் ஒட்டி நின்டு பாத்ததில்ல. கரையில எஞ்சின நிப்பாட்டிட்டா மட்டும் முள்ளு பாதியில நிக்கும். ஒரு குத்து விட்டா எறங்கும்." கொஞ்சம் நிறுத்தி, "செவுத்துக்கு ஏது எஞ்சினு" என்றார்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நானும் அளவாகத்தான் சொன்னேன். காதர் கடலுக்குப் போன அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. துடைத்ததால் கெடவில்லை என்பது தெரியும். ஒட்டுகிற இடம் அந்த இரண்டுதான் என்பதும் தெரியும்.

செய்யது சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். "மதினிட்ட சொல்லிர்றேன்."

"போன வைங்க மச்சான்."

மைமூன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார் என்று அவர் நிமிர்ந்த விதத்தில் தெரிந்தது.

"அம்புட்டுப் பேருக்கு முன்னாடி வாசல்ல வச்சுத்தான என்னயச் சொன்னாக. நேருல வந்து சொல்லுங்க. நானும் வாரேன். அக்கா, நீங்களும் வாங்க."

"நான் எதுக்கும்மா?"

"இவுக பாதியில நிப்பாட்டிட்டா மிச்சத்தச் சொல்ல ஆளு வேணும்ல."

நம்புதாளை பக்கம்தான். ஆட்டோவில் போனோம். ஆயிஷா முன்கட்டில் பாய் விரித்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மைமூனைப் பார்த்ததும் முறம் அப்படியே நின்றது. செய்யது படிக்குக் கீழே நின்றபடி சொல்ல ஆரம்பித்தார். முள் ஒட்டுவதைச் சொன்னார், லாரியைச் சொன்னார், பாட்டனார் திருகை மட்டும் சொன்னதைச் சொன்னார். பிறகு நின்றுவிட்டார். நான் வாயைத் திறந்தேன். மைமூன் என் கையை அழுத்தினாள்.

"மைமூன் மேல தப்பில்ல மதினி" என்றார் செய்யது. "அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். வாயத் தொறக்கல."

ஆயிஷா முறத்தைக் கீழே வைத்தார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப யாரு மேல?"

செய்யது என் பக்கம் திரும்பினார். இத்தனை வருடம் அந்த அம்மாளுக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது அந்த ஒரு பழிதான். அதையும் பிடுங்க வந்துவிட்டோமோ என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

மைமூன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறிப் போனாள்.

"யாரு மேலயும் இல்ல லாத்தா. தட்டிப் பாக்கணும்னு நமக்கு யாருக்கும் தெரியல."

ஆயிஷா பாயில் சிந்திக் கிடந்த உளுந்தை முறத்தில் அள்ளிப் போட்டார். பிறகு முறத்தை ஓரமாக நகர்த்தி, பாயில் அவளுக்கு இடம் விட்டார்.